கூரைக்குக் கீழே வந்த கடைகள்

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கு நலம். நீ, மச்சான், பிள்ளைகள், அம்மா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் போனில் "சாப்பாட்டுக்கு என்னடா பண்றே?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் உன் வண்டிக்கு ஆள் வந்துவிட்டார்கள். இன்று எனக்கு லீவு. உட்கார்ந்து விவரமாகவே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது ஊர்ச் செய்தி. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வருஷக்கணக்காக இட்லி விற்கிற உனக்கு இது தொழில் விஷயம்.

நான் சமைப்பதில்லை. வாடகைக்கு எடுத்திருக்கிற அறையில் 'லைட் குக்கிங்' மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் போடலாம், தாளிக்கக் கூடாது. ஆனால் சொந்த வீடும் முழு அடுப்படியும் இருக்கிறவர்கள்கூட இங்கே வாரத்தில் பாதி நாள் வெளியேதான் சாப்பிடுகிறார்கள். பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆபீஸ் போகிறவர், லாரி ஓட்டுகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா எல்லாரும் அடுத்தடுத்த மேசையில். நம்ம ஊரில் ஓட்டலுக்குப் போவதென்றால் ஒரு விசேஷம், இல்லாவிட்டால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. இங்கே அது அன்றாடம்.

அவர்கள் சாப்பிடுகிற இடத்துக்கு ஹாக்கர் சென்டர் என்று பெயர். ஹாக்கர் என்றால் தெரு வியாபாரி. தமிழ்ப் பேப்பரில் உணவங்காடி நிலையம் என்று எழுதுகிறார்கள். நாலு பக்கமும் திறந்த பெரிய கூடம். ஏசி கிடையாது, மேலே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்கும். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். ஒரு ஆள், மிஞ்சினால் இரண்டு பேர் நின்று வேலை செய்கிற இடம்தான். ஒரு கடையில் ஒன்றிரண்டு பண்டத்துக்கு மேல் இருக்காது. கோழிச்சோறு விற்கிறவர் வாழ்நாள் முழுக்கக் கோழிச்சோறுதான் விற்பார். மீன் சூப் போடுகிற அம்மாவிடம் வேறு எதுவும் கேட்க முடியாது. நடுவில் எல்லாக் கடைக்கும் பொதுவான மேசைகள். எந்தக் கடையில் வாங்கினாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கூட்ட நேரத்தில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் அதை நகர்த்தமாட்டார்கள்.

காலையில் வேலைக்குப் போகும் முன் பசியாறுவது எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய காபிக்கடையில். இவர்கள் காபிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுக்கிறார்கள். பொடியைத் துணிப்பையில் போட்டு, நீளமூக்குக் கெண்டியில் கொதிநீர் ஊற்றி இறக்குவார்கள். 'கோப்பி' என்றால் இனிப்பான டின் பால் போட்டது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். அதோடு 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை வேண்டாம், 'சியூ தாய்' என்றால் இனிப்பு குறைவாக, 'பெங்' என்றால் ஐஸ். சீனம், மலாய் எல்லாம் கலந்த பாஷை. கடைக்காரர் ஒன்றையும் எழுதிக்கொள்வதில்லை, பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னாலும் அவரவர் கோப்பை அவரவர் கைக்கு வந்துவிடும். கூடவே கயா தடவிய ரொட்டி. தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை போட்டுக் கிளறின பாகுதான் கயா. நடுவில் ஒரு துண்டு வெண்ணெயை உருகாமல் அப்படியே வைப்பார்கள். அரைவேக்காட்டு முட்டை இரண்டை உடைத்து, சோயா ஊற்றி வெள்ளை மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார்கள். அது மட்டும் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

கோழிச்சோறு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்த்தால் ஒன்றுமே இருக்காது. வெள்ளைச் சோறு, மசாலா இல்லாத வெந்த கோழி, ஓரமாக வெள்ளரிக்காய். சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களின் கைப்பக்குவம் இது. முழுக்கோழியைக் கொதிக்கவிடாமல் தண்ணீரில் மெல்ல வேகவைத்து, எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் முக்குகிறார்கள். அதனால்தான் தோல் வழவழப்பாகவும் கறி நீர் வற்றாமலும் இருக்கிறது. அரிசியைக் கோழிக்கொழுப்பில் இஞ்சி பூண்டோடு வதக்கி, கோழி வெந்த தண்ணீரிலேயே பாண்டான் இலை போட்டு வடிக்காமல் வேகவைக்கிறார்கள். சோற்றைத் தனியாகவே தின்னலாம், அவ்வளவு ருசி. மிளகாய், இஞ்சி, எலுமிச்சை அரைத்த சட்னி ஒன்று தருவார்கள், அது இல்லாவிட்டால் நம்ம நாக்குக்கு எட்டாது. சைனாடவுன் பக்கத்து மெக்ஸ்வெல் நிலையத்தில் இதற்கென்று மதியம் நிற்கிற வரிசை கூடத்துக்கு வெளியே வரும். வெளிநாட்டுப் பயணிகள்கூட வெயிலில் நிற்கிறார்கள். எனக்கு எங்கள் பேட்டைக் கடையே போதும். ஒரு தட்டு நாலு, ஐந்து வெள்ளி. டாலரை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

நம்ம சாப்பாடு வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்குப் போவேன். கீழே மீனும் கறியும் காய்கறியும் விற்கிற சந்தை, பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள், மாடியில் துணிக்கடையும் தையல்காரர்களும். முருங்கைக்காய், வாழைப்பூ, பச்சை மொச்சை வரைக்கும் கிடைக்கிறது. அங்கே பரோட்டாவைச் சீனர்கள் மீன் குழம்போடும் தின்கிறார்கள், வெறும் சர்க்கரை தொட்டும் தின்கிறார்கள். மீ கோரெங் என்று ஒன்று. சீன மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, நம்ம தமிழ் முஸ்லிம்கள் மிளகாய், தக்காளி, ஆட்டுக்கறி போட்டு இரும்புச் சட்டியில் சிவக்கப் புரட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் இது கிடையாது, சீனாவிலும் கிடையாது. இங்கே பக்கத்துப் பக்கத்துக் கடையாக இருந்து பிறந்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து ரொம்ப நாள் முன்பே வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அவர்கள் பேச்சில் இன்னும் அந்தப் பக்கத்து இழுப்பு இருக்கிறது. மீன்தலைக் கறியும் அப்படித்தான் பிறந்ததாம். கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் 1949-இல், சீனர்கள் மீன்தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து நம்ம குழம்பில் போட்டுக் கொடுத்தார் என்கிறார்கள். இப்போது வெண்டைக்காய், கத்தரிக்காய் மிதக்க, புளிப்பும் காரமுமாக ஒரு பெரிய சட்டி வரும். நாலு பேர் சேர்ந்தால்தான் முடிக்கலாம். நம்ம அம்மா வைக்கிற விரால் குழம்புக்கு ஈடில்லை, ஆனாலும் நல்ல கறி.

சாப்பிட்டு முடித்தால் தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து சட்டம். முதல் தடவை எச்சரிக்கை எழுதிக் கொடுப்பார்கள், அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, மற்றதற்குத் தனி அடுக்கு. மேசை துடைக்கிறவர்கள் எல்லாம் நம்ம அம்மா வயசு, அதற்கும் மேலே. அவர்கள் குனிந்து குனிந்து எச்சில் எடுப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. தட்டையாவது நாம் எடுத்து வைப்பது நியாயம்தான்.

இப்போது உனக்காக எழுத வந்ததற்கு வருகிறேன்.

இந்தக் கடைக்காரர்கள் எல்லாம் ஒரு காலத்தில் உன்னைப் போலத் தெருவில் நின்றவர்கள். தள்ளுவண்டி, கூடை, தோளில் காவடி போலத் தூக்கிய கட்டை. ஒரு வாளித் தண்ணீரில் நாள் முழுக்கத் தட்டுக் கழுவல், மிச்சமெல்லாம் சாக்கடைக்கும் ஆற்றுக்கும். காலராவும் டைபாய்டும் வந்தன. அதிகாரிகள் வந்தால் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். அப்புறம் 1968, 69-இல் தீவு முழுக்கக் கணக்கெடுத்து, சுமார் 18,000 பேருக்கு உரிமம் கொடுத்துப் பதிவு செய்தார்கள். முதலில் எண்ணினார்கள் என்பதைக் கவனி. யார் யார் விற்கிறார்கள், எங்கே விற்கிறார்கள் என்று எழுதிக்கொண்ட பிறகுதான் நகர்த்தினார்கள். 1971-லிருந்து 1986 வரை இந்தக் கூடங்களைக் கட்டி, ஒவ்வொரு கடைக்கும் தண்ணீர்க் குழாய், மின்சாரம், சாக்கடை இணைப்பு கொடுத்து உள்ளே கொண்டுவந்தார்கள். சந்தோஷமாக எல்லாரும் வரவில்லை. தெருவில் இருந்த வியாபாரம் கூடத்துக்குள் வருமா, வாடகை கட்ட முடியுமா என்று பயந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வாடகையைக் குறைத்து வைத்தார்கள். 2020 டிசம்பரில் ஐ.நா.வின் கலாசார அமைப்பான யுனெஸ்கோ இந்த ஹாக்கர் கலாசாரத்தை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனையும் கோபுரமும் இருக்கிற உலகத்தில், நூடுல்ஸ் போடுகிறவருக்கும் தேத்தண்ணி ஆற்றுகிறவருக்கும் அந்த மரியாதை. அதைப் படித்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

இங்கேயும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. ஹாக்கர்களில் பாதிப் பேருக்கு வயது 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். விடிவதற்கு முன் எழுந்து, நாள் முழுக்கச் சட்டி முன் நின்று வேகிற வேலைக்குப் பிள்ளைகள் வரமாட்டேன் என்கிறார்கள். பெற்றவர்களும் வரவேண்டாம் என்றுதான் படிக்கவைத்தார்கள். புதிதாக வருகிறவர்கள் கடையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2024-இல் மரீன் பரேட் பக்கத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு வாடகை கொடுத்துவிட்டு நாலு வெள்ளிக்குச் சோறு எப்படிப் போடுவது? விலையை அரை வெள்ளி ஏற்றினால் ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள். பெரிய ஓட்டலில் இருபது வெள்ளி கொடுக்கிறவர் இங்கே ஐம்பது காசுக்குப் பேரம் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. எங்கள் பேட்டையில் மீன் உருண்டை நூடுல்ஸ் போட்ட ஒரு கிழவனாரும் கிழவியும் கடையை மூடிவிட்டார்கள். அட்டையில் நன்றி என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். வாடிக்கையாளர்கள் அதன் கீழே பேனாவால் தங்கள் நன்றியையும் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த ருசி இனி கிடையாது.

ஆனாலும் அக்கா, அவர்கள் வேலை செய்த அத்தனை வருஷமும் தலைக்கு மேல் கூரை இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. யாரும் வந்து அடுப்பை எட்டி உதைக்கவில்லை. மழை வந்தால் நீ தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், இட்லிக் குண்டானோடு வண்டியை அதிகாரிகள் தூக்கிப்போன அன்று நீ சாயங்காலம் வரை அவர்கள் ஆபீஸுக்கு வெளியே காத்திருந்ததும் எனக்கு மறக்காது. உன் இட்லியை இந்த ஊரில் எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. இதைப் பாசத்துக்காகச் சொல்லவில்லை, தேக்காவில் தேடித் தேடிச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். உனக்குக் கைப்பக்குவம் குறையில்லை, நிற்க இடம்தான் இல்லை.

அதற்கு நம்ம நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம். அதன்படி முதலில் கணக்கெடுக்க வேண்டும், விற்கிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் காலி செய்யக் கூடாது. அதற்குப் பிறகு இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஊருக்கு ஒரு விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உன் வண்டியை எந்த வருஷத்திலிருந்து போடுகிறாய், என்ன விற்கிறாய், எந்த இடம் என்று எழுதி, ஆதாரும் வண்டியோடு நீ நிற்கிற போட்டோவும் வைத்து நகராட்சி ஆபீஸில் ஒரு மனு கொடு. கொடுத்ததற்குக் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் வராதே. பூக்கார அக்காவையும் பழவண்டி அண்ணனையும் சேர்த்துக்கொண்டு போ. தனியாகப் போனால் உட்காரவைத்துவிடுவார்கள். குழுவுக்குத் தேர்தல் என்று பேச்சு வந்தால் நீ பேர் கொடு. மச்சான் வேண்டாம் என்றால் என்னிடம் போன் கொடுக்கச் சொல்லு, நான் பேசுகிறேன்.

இந்த மாதம் வழக்கமாக அனுப்புவதோடு கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறேன். அதில் குழாய் வைத்த எவர்சில்வர் தண்ணீர் டிரம் ஒன்று வாங்கு. கை கழுவ ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. பெரியவள் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாளா? அவளைக் காலையில் மாவு கரைக்கக் கூப்பிடாதே. அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். மனு கொடுத்த அன்றே எனக்குப் போன் பண்ணு.

இப்படிக்கு,
அன்புத் தம்பி