இரண்டாவது இடம் உனக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறிவிட்டது, இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்பதும் நல்ல செய்தி; அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது. ஆனால் அவரைப் பற்றிப் பேசினால் மட்டும் அடுத்த அறையில் இருந்தாலும் கேட்டுவிடுகிறது.

அப்புறம், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருப்பதைக் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அதை முதல் வரியில் அல்லவா எழுதியிருக்க வேண்டும்! கூடவே ஒரு கிண்டல் வேறு. "நாலு பேரும் விடியற்காலையில் எழுந்து எங்கேயோ போகிறீர்கள், போன இடத்தில் ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை, உடனே திரும்பிவிடுகிறீர்கள், இதில் என்னடா இருக்கிறது?" என்று. நியாயமான கேள்விதான். என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள், இன்னும் கொஞ்சம் காரமாக.

போகிற இடம் எங்களுக்கு ஒரு சாக்கு. ஒரு வாரம் அணை, ஒரு வாரம் மலையடிவாரம், எதுவும் தோன்றாவிட்டால் சாலை போகிற வரை. ஆனால் யார் யார் போகிறோம், எப்படிப் போகிறோம் என்பதில் நாங்கள் ரொம்பக் கறார்.

முன்பு நான் ஒரு பெரிய கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால்தான் வண்டவாளம் தெரியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. ஒரே தடத்தில் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 2 விநாடி இடைவெளியாவது வேண்டும், அதாவது 44 மீட்டர். 15 வண்டிகள் வரிசையாகப் போனால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே 600 மீட்டருக்கு மேல் ஆகிவிடும். நேர்ச்சாலையில் ஒருவர் சாலையின் தன் பாதியில் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போனால் நீளம் பாதியாகக் குறையும். வளைவு வந்ததும் எல்லோரும் ஒற்றை வரிசைக்கு வந்தாக வேண்டும், மறுபடி 600 மீட்டர்தான். முன்னால் போகிறவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது எப்படித் தெரியும்?

அதைவிட மோசம், அந்த இழுபடும் விளையாட்டு. தலைவர் ஒரு லாரியைத் தாண்டிவிட்டுப் பழைய வேகத்துக்கு வருகிறார். இரண்டாமவர் எதிரே சாலை காலியாகும் வரை காத்திருந்து தாண்டுகிறார், விட்ட தூரத்தைப் பிடிக்கக் கொஞ்சம் கூடுதலாக முறுக்குகிறார். மூன்றாமவர் அதைவிடக் கூடுதலாக. இப்படியே போய்க் கடைசி ஆள் பறந்துகொண்டிருப்பார். முன்னால் போகிறவர் நிதானமாகத்தான் போகிறார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசி ஆளின் வேகத்தை யாருமே தீர்மானிக்கவில்லை, அவரும்கூட. பெரிய கூட்டத்தில் கடைசியில் வருகிறவர் வழக்கமாக யார்? புதியவர், தயங்குகிறவர், இந்த வேகத்துக்குப் பழகாதவர்.

அதனால்தான் நால்வராகப் பிரிந்தோம். கணக்காளர், பல் டாக்டர், தச்சர், நான். நான்கு வண்டி என்றால் தலைவரின் கண்ணாடியிலேயே எல்லோரும் தெரிந்துவிடுவோம். எங்கள் ஏற்பாடு இதுதான்: மெதுவாக ஓட்டுகிறவர் தலைவருக்கு அடுத்து, இரண்டாவது இடத்தில். எங்களில் மெதுவானவர் தச்சர். பெரிய கூட்டத்தில் அவர் எப்போதும் கடைசி. வீடு திரும்பும்போது தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும். இரண்டாவது இடத்துக்கு வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். தலைவர் கண்ணாடியைப் பார்க்கிறார், தச்சர் சின்னதாகத் தெரிந்தால் வேகத்தைக் குறைக்கிறார், அவ்வளவுதான். யாரும் யாரையும் துரத்த வேண்டாம். குழுவின் வேகம் மெதுவானவரின் வேகம் என்று ஆகிவிட்டால், மெதுவாக ஓட்டுவதற்கு அவர் வெட்கப்பட வேண்டியதே இல்லை.

கடைசி இடம் என்னுடையது. கேட்டு வாங்கிக்கொண்டேன். நீ கேட்ட 'என்ன இருக்கிறது' என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் அங்கேதான் இருக்கிறது. மூன்று பேரைப் பின்னாலிருந்து காலை முழுக்கப் பார்த்துக்கொண்டே போவது தனி அனுபவம். பல் டாக்டரை நினைத்துப்பார், வேலையில் மில்லிமீட்டர் கணக்கில் கை வைக்கிறவர், சாலையில் கொஞ்சம் அவசரக்காரர். நேர்ச்சாலை கிடைத்தால் போதும், முறுக்கிவிடுவார். பிறகு நினைவு வந்து வேகத்தைக் குறைப்பார். கணக்காளர் பேச்சில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார், எதிலும் அவர் சொன்னதுதான் கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும். வண்டியில் ஏறினால் எல்லோருக்கும் வழி விடுகிறார், சைக்கிள்காரருக்கும் நாய்க்கும்கூட. தச்சர் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் தலையைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தை முதலில் பார்த்துவிடுவார். மரத்தில் கோடு போடுவதற்கு முன் கண்ணால் அளப்பாரே, அதே மாதிரி. மற்ற இருவரும் களைத்துவிட்டால் எனக்குத்தான் முதலில் தெரியும்: பிரேக் விளக்கு வளைவுக்கு முன்னால் எரிவதற்குப் பதிலாக வளைவுக்குள்ளே எரிய ஆரம்பிக்கும். அப்போது ஹார்னை இரண்டு தட்டுத் தட்டுவேன், அடுத்த நிழலில் நிறுத்துவோம்.

நம் வயசில் நண்பர்களைச் சந்தித்தால் சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிள்ளைகளின் வேலை என்று வரிசையாகப் பேசி முடிக்கிறோம்; முடிந்ததும் ஆளுக்கொரு போனைக் கையில் எடுக்கிறோம். பேசாமல் சேர்ந்து செய்ய ஏதாவது ஒன்று இருந்தால், பேச்சும் நன்றாக வருகிறது என்பது என் எண்ணம். ஹெல்மெட்டுக்குள் வேலை அழுத்தத்தைப் பற்றி யோசிக்கவும் இடமில்லை. மணல், குழி, திடீரென்று திறக்கும் கார்க் கதவு இவற்றுக்கே மூளை போதாது. நிறுத்திய இடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் பத்து நிமிஷம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம், பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் கருவியையும் வாங்கிப் பார்த்தோம். எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. கணக்காளர் வளைவுகளுக்கு நடுவே பங்குச் சந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மற்றவர்களுக்கும் பிடிக்காமல் போய்விட்டது. இப்போது கையும் காலும்தான் பேசுகின்றன. குழி இருந்தால் அந்தப் பக்கத்துக் காலை நீட்டிக் காட்டுவோம், பெட்ரோல் வேண்டுமென்றால் டேங்க்கை விரலால் சுட்டுவோம், கையைக் கீழே தொங்கவிட்டு உள்ளங்கையைப் பின்னால் காட்டினால் நிறுத்தப் போகிறோம் என்று அர்த்தம். இவ்வளவு போதும்.

சரி, இனி உன் விஷயம். வண்டியைத் தொட்டு இத்தனை வருஷம் ஆகிவிட்டது. கைக்கு மறக்காது என்று எழுதியிருக்கிறாய். மறக்காது, உண்மைதான், ஆனால் கைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது, அதுதான் சிக்கல். விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் செய்து விற்றுக்கொண்டிருந்த ரைட் சகோதரர்களில் வில்பர் இதைக் கவனித்திருக்கிறார். எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களைக் கேட்டிருக்கிறார், ஒருவரும் சரியாகச் சொல்லவில்லையாம். இடப்பக்கம் திரும்ப, முதலில் ஹேண்டிலை ஒரு கணம் வலப்பக்கம் திருப்புகிறோம். வண்டி இடப்பக்கம் சாய்கிறது, பிறகுதான் திரும்புகிறது. கனமான வண்டியில் வேகமாகப் போகும்போது இதைத் தெரிந்தே செய்ய வேண்டும்: இடப்பக்கம் போக வேண்டுமா, இடது கைப்பிடியை முன்னால் தள்ளு. காலி மைதானத்தில் அரை மணி நேரம் செய்து பார், சிரிப்பு வரும். வளைவில் பயம் வந்தால் பள்ளத்தையோ மரத்தையோ பார்க்காதே. கண் எங்கே நிலைக்கிறதோ வண்டி அங்கேதான் போகும். போக வேண்டிய இடத்தைப் பார்.

பிரேக்கைப் பொறுத்தவரை உன் வண்டி பழசு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்காது. அந்தக் காலத்தில் நீ பின் பிரேக்கை மட்டுமே நம்பினாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வந்துவிடுகிறது, பிடிமானமும் அங்கேதான். முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல் ஈரத்துணியைப் பிழிவது போல மெல்ல ஆரம்பித்து இறுக்கிக்கொண்டே போ. இதையும் மைதானத்தில் பழகிக்கொள். மழை பிடித்தால் முதல் சில நிமிஷம் ரொம்ப மோசம், சாலையில் இருக்கும் எண்ணெயும் தூசியும் மிதந்து வழுக்கும். வெள்ளைக் கோட்டின் மேல் ஏறாதே.

ஹெல்மெட் மட்டும் புதிதாக வாங்கு. பரணில் கிடக்கிற பழையதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வராதே. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், உள்ளே இருக்கும் நுரை நாளடைவில் கெட்டுப்போகிறது. ஹெல்மெட்டின் கதை உனக்குத் தெரியுமா? அரேபியாவின் லாரன்ஸ் என்று பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளில் போனபோது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க ஒதுங்கித் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற இளம் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார், பிரிட்டிஷ் ராணுவமும் அதே வருஷம் செய்தி கொண்டுபோகும் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நாம் முடி கலைகிறது என்று புலம்புகிறோம். கூடவே காதுக்கு நுரை அடைப்பானும் வாங்கிக்கொள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். வீடு வந்ததும் வருகிற தலைவலிக்கு வெயிலைக் குற்றம் சொல்வோம், அந்த இரைச்சலும் காரணமாக இருக்கலாம்.

உன் வீட்டில் பயப்படுவார்கள். பயப்படாதே என்று சொல்லிச் சமாளிக்காதே, பயம் நியாயமானது. எங்களிடம் இருக்கிற ஒரு வழக்கத்தை மட்டும் சொல்: யார் வேண்டுமானாலும் எந்த இடத்திலும் 'போதும்' என்று சொல்லலாம். மற்ற மூவரும் ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும். தூக்கம் போதவில்லை, மனசு சரியில்லை, மேகம் கறுக்கிறது, எதுவானாலும் சரி. ஒருமுறை தெரு முனையிலேயே பல் டாக்டர் அதைச் சொல்லிவிட்டார், திரும்பிவிட்டோம். காரணத்தை அவர் சொல்லவும் இல்லை.

நீ வருவதைப் பற்றி மூவரிடமும் பேசிவிட்டேன். கணக்காளர் மட்டும் ஐந்து பேர் என்றால் கூட்டம் என்று ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் வாதம் நடந்தது, கடைசி வார்த்தை அவருடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். 'ஐந்து வரை சரி, ஆறு கிடையாது' என்று அவரே தீர்ப்புச் சொல்லி முடித்தார். தச்சர் தன் இரண்டாவது இடத்தை உனக்கு விட்டுத்தருகிறாராம். கொஞ்சம் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மூன்றாவது இடத்துக்கு உயர்ந்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் தூரமாகப் போக வேண்டாம். முழங்காலை நீட்டி மடக்க அடிக்கடி நிறுத்துவோம்.

அதற்குள் ஒரு வேலை செய். உன் வண்டியின் இரண்டு டயரிலும் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்; 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. பள்ளம் ஆழமாக இருக்கிறது, புதுசு மாதிரி இருக்கிறது என்று விற்றவர் சொல்லியிருப்பார். ரப்பர் ஓடாமல் நின்றாலும் கிழடு தட்டும். அந்த எண் இரண்டையும் பார்த்து எழுது, செயின் எவ்வளவு தொய்வாக இருக்கிறது என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டுத்தான் தேதி சொல்வேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்