மின்வெட்டுக்குப் பின் எழும்பாத பவர் சப்ளையை எறிய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் காற்றும் மழையும் தொடங்கினால் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். கரண்ட் திரும்பியதும் டிவி, டிஷ் பெட்டி, ரவுட்டர், கண்காணிப்புக் கமரா ரெக்கோடர் என்று ஏதாவது ஒன்று உயிரில்லாமல் கிடக்கும். கடைக்குக் கொண்டுபோனால் "கரண்ட் அடித்து ஐசி போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். பல நேரங்களில் பழுது, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு சிறிய கப்பாசிட்டரில்தான் இருக்கிறது. போர்டு மாற்ற ஆயிரக்கணக்கில் கேட்கும் இந்தக் காலத்தில் தோட்டத்துக் குடும்பங்கள் இதற்காகக் கடன்படக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இந்தச் சாதனங்கள் மாதக்கணக்கில் அணையாமல் ஓடுபவை. ஓடும்போது, பவர் சப்ளையின் (சுவர் மின்சாரத்தைச் சாதனத்துக்கு ஏற்றபடி மாற்றும் பகுதி) கட்டுப்பாட்டு ஐசி, அதாவது அதை இயக்கும் சிப், தனக்கு வேண்டிய மின்சாரத்தை டிரான்ஸ்போமரின் துணைக் கம்பிச் சுற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. முதலில் எழும்புவதற்கு மட்டும் வேறு வழி வேண்டும். 230 வோல்ட் ஏசி, டிசியாக (ஒரே திசை மின்சாரமாக) மாற்றப்பட்டுப் பெரிய கப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட்டாக நிற்கும். அங்கிருந்து ஸ்டார்ட் ரெசிஸ்டர் (தொடக்கத் தடை) ஒன்று சொற்ப மின்னோட்டத்தைக் கொண்டுவந்து, ஐசியின் அருகிலுள்ள 22 முதல் 100 மைக்ரோஃபரட் வரையான சிறு கப்பாசிட்டரை நிரப்பும். யூசி 3842 வகை ஐசியானால் 16 வோல்ட் சேர்ந்ததும் விழித்துக்கொள்ளும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். துணைச் சுற்று கைகொடுக்கும்வரை அந்தச் சிறு கப்பாசிட்டர்தான் ஐசியைத் தாங்க வேண்டும். அது சூட்டில் வறண்டுபோயிருந்தாலும் ஓடும்வரை வெளியே தெரியாது. மின்சாரம் ஒருமுறை நின்று வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

நம் ஊர்க் குளிர் இதை இன்னும் மோசமாக்குகிறது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் கப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் தடித்து, அதன் உள்தடை ஏறிவிடும். நொடியில் போய்வரும் மின்வெட்டுக்குத் தாக்குப்பிடிக்கும் பெட்டி, 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் நின்றதுபோல் மணிக்கணக்கில் நின்று ஆறிப்போனால் எழும்பாது. மதிய வெயில் வந்ததும் தானாக எழும்பும் பெட்டிகளும் உண்டு. ஐயம் இருந்தால், பிளக்கைக் கழற்றி வைத்துத் தலைமுடி உலர்த்தியால் அந்தச் சிறு கப்பாசிட்டரை மட்டும் சூடாக்கி, மீண்டும் செருகிப் பாருங்கள். உடனே எழும்பினால் பழுது அதில்தான்.

போர்டைத் தொடுமுன் ஒன்று. எழும்பாத சப்ளை எழும்பும் சப்ளையைவிட ஆபத்தானது. ஸ்டார்ட் ரெசிஸ்டர் திறந்துபோயிருந்தால் பெரிய கப்பாசிட்டரின் 325 வோல்ட் வடிவதற்கு வழியே இல்லை. பிளக்கைக் கழற்றி நெடுநேரம் ஆன பிறகும் அடிக்கும். 2.2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அளவெடுக்கும்போது மீட்டரின் கறுப்பு முனை அந்தப் பெரிய கப்பாசிட்டரின் நெகட்டிவ்வில் இருக்க வேண்டும், அவுட்புட் கிரவுண்டில் அல்ல. 60 வாட் பழைய இழை பல்பை (எல்இடி அல்ல) சீரியலில் போட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஆனால் பல்பு போட்டதால் ஷாக் அடிக்காது என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி பழுது பார்த்தல். பியூஸ் கறுத்து வெடித்திருந்தால் அது வேறு கதை. மின்னலாலோ, எஃப்இடி எனும் சுவிட்ச் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதாலோ வந்தது. பியூஸ் நன்றாக இருந்து 325 வோல்ட்டும் நின்றால், யூசி 3842 ஐசியின் 7 ஆம் காலை (அதற்கு மின்சாரம் வரும் கால்) பாருங்கள். வோல்டேஜ் 16 வரை ஏறி 10க்கு இறங்கி மீண்டும் ஏறினால் (சில பெட்டிகளில் டிக் டிக் என்ற சத்தமும் கேட்கும்) ஸ்டார்ட் ரெசிஸ்டர் நல்லது. சிறு கப்பாசிட்டர், துணைச் சுற்றின் டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்), அல்லது அவுட்புட்டில் ஷார்ட் ஆன டையோடு என்று தேடுங்கள். 16ஐத் தொடாமல் இடையில் தேங்கினால் ரெசிஸ்டரின் அளவு கூடியிருக்கும், அல்லது கப்பாசிட்டர் கசியும். கப்பாசிட்டரின் காலில் ஒட்டிய மஞ்சள் பசை பழுப்பாகிவிட்டால் அதுவே மின்சாரத்தைக் கடத்தும்; சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

ரெசிஸ்டரைப் போர்டிலேயே அளக்கும்போது குறைவாகக் காட்டினால் முடிவு சொல்ல முடியாது, பக்கத்து வழி காரணமாக இருக்கலாம். குறித்த அளவைவிடக் கூடுதலாகக் காட்டினால் அது நிச்சயமாகப் பழுதுதான். 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் 470க்கு ஏறியிருக்கிறது என்று வையுங்கள். 230 வோல்ட்டில் 0.69 மில்லி அம்பியர் வரும். லைன் கடைசியில் இருக்கும் தோட்டத்தில், எல்லா வீட்டிலும் சமைக்கும் மாலை வேளையில் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 0.54தான். ஐசி எழும்ப அரை முதல் ஒரு மில்லி அம்பியர் வரை வேண்டும். பகலில் எழும்பி மாலையில் எழும்பாத பெட்டியின் மர்மம் இதுதான். மாற்றும்போது 100 கிலோ ஓம் அரை வாட் இரண்டைத் தொடராகப் போடுங்கள். கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றே 325 வோல்ட்டைத் தாங்காது.

கப்பாசிட்டரில் கொள்ளளவை மட்டும் அளந்து ஏமாற வேண்டாம். 47 என்று எழுதியது 45 காட்டும். உள்தடையோ பத்து ஓமைத் தாண்டியிருக்கும். உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் இல்லாவிட்டால் புதியதைப் போட்டுப் பார்ப்பதே சிக்கனம். 105 பாகை, 50 வோல்ட், அதே கொள்ளளவு. பெரிதாக இருந்தால் நல்லது என்று 220 மைக்ரோஃபரட் போட்டால், முக்கால் விநாடியில் எழும்பியது மூன்றரை விநாடி எடுக்கும்.

கணினி சப்ளையில் முதலில் ஊதா வயரைப் பாருங்கள். அங்கே 4.75க்கும் 5.25க்கும் இடையில் வோல்ட் இல்லையென்றால் ஸ்டாண்ட்பை பகுதியிலேயே (கணினி அணைந்திருக்கும்போதும் ஓடும் பகுதி) நில்லுங்கள், பெரிய டிரான்சிஸ்டர்களைத் தொட வேண்டாம்.

வீட்டிலிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். கரண்ட் போனதும் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருந்த சப்ளையில் ஆரம்ப மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மிஸ்டர் சூடாக, தடை குறைந்து இருக்கும். உடனே கரண்ட் வந்தால் தடுக்க ஆளில்லை. பியூஸும், ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜும் போகும். கரண்ட் வந்து நிலைத்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். அப்படியும் எழும்பாவிட்டால், பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி செருகிப் பாருங்கள். சில சப்ளைகள் பாதுகாப்புக்காகத் தம்மைப் பூட்டிக்கொள்ளும்; உள்ளிருக்கும் சார்ஜ் வடிந்தால்தான் பூட்டுத் திறக்கும். இதன் பிறகும் உயிர் வராவிட்டால் மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். போர்டை மாற்றச் சொன்னால், ஸ்டார்ட் ரெசிஸ்டரையும் சிறு கப்பாசிட்டரையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மின்னணுச் சாதனத் திருத்துநர்,
ஹட்டன்.