கல்லடியிலிருந்து ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பின் கல்லடி, புளியந்தீவு, பெரியகல்லாறு சபைகளில் என்னைத் தாங்கிய எல்லாருக்கும், சபைக்கு வெளியே இருந்தும் கைகொடுத்தவர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வணக்கம்.

கம்போடியாவில், பட்டம்பாங் மாகாணத்தில், ஊழியம் முடித்து ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். வந்த நாள் முதல் "சாட்சி சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். ஆராதனையில் பத்து நிமிடம் தருவார்கள். மைக்கைத் தட்டிப் பார்ப்பதிலேயே பாதி போய்விடும், மீதியில் அழுகை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் புறப்பட்டது 2022 தொடக்கத்தில். அப்போது ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மே மாதத்துக்குள் அது 350ஐத் தாண்டிவிட்டது. எனக்கென்று நீங்கள் மாதாமாதம் ஒதுக்கிய காசு அங்கே வந்து சேரும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். இங்கேயோ, முந்தின வருடம் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததில் படுவான்கரை வயல்களில் பெரும்போக விளைச்சல் விழுந்துபோயிருந்தது. காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இரவிரவாக வரிசையில் நின்றவர்கள் நீங்கள். "நிலைமை சரியில்லை, திரும்பி வா பிள்ளை" என்று சொல்ல உங்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகப் பெண்கள் ஐக்கியத்து அக்காமார் செய்ததை நான் போனில்தான் கேள்விப்பட்டேன். பிடியரிசி! உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துப் பானையில் போட்டு வைப்பது, ஞாயிறு அதைச் சபைக்குக் கொண்டுவருவது, சேர்ந்ததை விற்றுக் காசாக்குவது. எங்கள் அம்மம்மா காலத்தோடு போய்விட்டது என்று நினைத்திருந்த வழக்கம். கல்லாற்று மாமி சொன்னா: "உலை வெக்கக்குள்ள உன்ட பேரச் சொல்லி ஒரு பிடி எடுத்து வெப்பன் மகள். ரெண்டு பிடி வெக்கத்தான் ஆசை, அரிசி காணாது." ஜெபத்தில் தாங்குகிறோம் என்று நாம் எல்லாரும் லேசாகச் சொல்லிவிடுவோம். அந்த வருடம் நீங்கள் செய்த ஜெபத்தைக் கொத்து வைத்து அளக்கலாம். உங்கள் வீட்டுச் சோற்றில் குறைந்த அரிசி அது. அது தெரிந்த பிறகு அங்கே வீண்செலவு செய்ய எனக்குக் கை வரவில்லை.

என் வேலை முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது. அதைப் பற்றி நீளமாக எழுத எதுவுமில்லை. கல்லடியில் செய்ததைத்தான் அங்கேயும் செய்தேன்: பாட்டு, களிமண், கதை, மூக்குத் துடைப்பது. கெமர் மொழியைப் பிள்ளைகள்தான் எனக்குப் படிப்பித்தார்கள். பட்டம்பாங் நெல்லுக்குப் பேர்போன இடம், சங்கே ஆறு நகரத்தின் நடுவால் ஓடுகிறது, மழைக்குப் பிறகு பார்த்தால் எங்கள் வயல் வட்டையில் நிற்கிற மாதிரியே இருக்கும். ஊர் ஞாபகத்துக்குக் குறைவில்லை.

நான் சொல்ல வந்தது வேறொன்று. அவர்களுக்கும் நம்மைப்போலவே சித்திரை நடுவில்தான் புத்தாண்டு. 1975இல் புத்தாண்டு கழிந்த கையோடு, ஏப்ரல் 17ஆம் திகதி, கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகருக்குள் நுழைந்தது. நகரங்களில் இருந்த சனங்களை வயல்களுக்கு விரட்டினார்கள். 1979 ஜனவரி 7 வரை நீடித்த அந்த ஆட்சியில் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் செத்துப்போனதாகக் கணக்கிடுகிறார்கள். பட்டினி, நோய், கொலை எல்லாம் அதற்குள் அடங்கும். 1923இல் மிஷனரிமார் பட்டம்பாங்கில் தொடங்கிய சிறு சபையும் அந்த ஆட்சியில் சிதறிப்போனது. இப்போது அறுபது வயது தாண்டிய யாரைக் கண்டாலும், அந்தக் காலத்தைக் கண்டு தப்பிய ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கதைக்கமாட்டார்கள்.

என் பக்கத்து வீட்டு அம்மம்மா ஒரு நாள் கதைத்தா. வெள்ளம் வடிந்து மீன் மலிந்த மாதம். பிரகொக் போடுவதற்காக முற்றத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. தலையை நறுக்கி, குடலை எடுத்து, கழுவி, நசித்து, உப்பிட்டுச் சாடியில் அடைப்பார்கள். வருடம் முழுக்கக் கறிக்கு அதுதான் ஆதாரம். (கொண்டுவந்தீங்களா என்று கேட்க வேண்டாம். அந்த வாசத்தோடு விமானத்தில் ஏற எனக்குத் தைரியமில்லை.) கத்தியை நிறுத்தாமலே சொன்னா, தன்னுடைய இரண்டு தம்பிமாரையும் வாய்க்கால் வெட்டக் கொண்டுபோனார்கள், வரவில்லை என்று. சின்னவனுக்குப் பனங்கட்டி என்றால் உயிராம். அவ்வளவுதான் சொன்னா.

எனக்கு ரோமர் எட்டாம் அதிகாரம் கெமர் மொழியில் பாடமாக இருந்தது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற அந்த வசனத்தைப் பிழையில்லாமல் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். அம்மம்மா கொஞ்சம் ஒதுங்கி இடம்விட்டா. இருட்டுகிற வரைக்கும் மீன் வெட்டினோம். அடுத்த நாள் காலையில் என் வாசலில் ஒரு கோப்பை அரிசிக் கஞ்சி இருந்தது. மறுகா அந்தத் தெருவில் எனக்குக் கதவு திறக்காத வீடு இல்லை.

இது எனக்கு எந்தப் பயிற்சி நெறியிலும் கிடைத்ததல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் நீங்கள் செய்ததைப் பார்த்துக் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல எத்தனையோ பேர் வந்தார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஒன்றும் நினைவில் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் பாயில் இருந்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு எழும்பி, எங்கள் கிணற்றில் ஏறியிருந்த உப்புத்தண்ணியை வாளி வாளியாக இறைத்துக் கொட்டிய மாமியை இன்றைக்கும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நமது புத்தாண்டு கழிந்து ஒரு கிழமை. சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள். தேத்தண்ணி ஊற்றினீர்கள், கூட்டினீர்கள், மற்றப் பிள்ளைகளைக் குளிக்க வார்த்தீர்கள். யோபுவின் சிநேகிதர்கூட ஏழு நாள் பேசாமல் தரையில் இருந்தவரைக்கும் நல்லவர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதானே வினை!

அதனால் காசுக்கு நன்றி சொல்வதற்கு முன், இந்தப் பாடத்துக்கு நன்றி. நீங்கள் பாடம் என்று நினைத்துச் செய்யாத பாடம் அது.

இன்னொன்றும் அங்கே பழகினேன், கை நீட்டி வாங்குவது. மிஷனரி என்றால் கொடுக்கிற ஆள் என்றொரு எண்ணம் நமக்கு உண்டு. ஒரு ஒக்டோபரில் வெள்ளம் வந்து முன்பள்ளிக்குள் முழங்காலளவு தண்ணீர். பக்கத்து விகாரையின் பெரிய பிக்கு ஆளனுப்பி, பிள்ளைகளை மண்டபத்துக்குக் கூட்டி வரச் சொன்னார். வெள்ளம் வற்றும்வரை அங்கேதான் வகுப்பு. இயேசு கதை சொல்லலாமா என்று நான் தயங்கிக் கேட்டதற்கு, பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால் எந்தக் கதையானாலும் சரி என்றார். 2011 தை வெள்ளத்தில் நம்முடைய கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் யாரென்று கேட்டா கதவைத் திறந்தன? எழுபது பேரை அனுப்பும்போது ஆண்டவர் சொன்னதும் அதுதான்: பையும் வேண்டாம், போகிற வீட்டில் தருவதைச் சாப்பிடுங்கள்.

வாவிக்கரையில் சிலையாக நிற்கிற மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயாவை அங்கே இருந்தபோது அடிக்கடி நினைத்தேன். 1814இல் வருகிற வழியிலேயே மனைவியைக் கடலில் அடக்கம் பண்ணிவிட்டுத் தனியாக மட்டக்களப்பில் வந்து இறங்கியவர். பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருடம் ஏப்ரல் முதலாம் திகதி அவரும் போய்விட்டார், ஒரு வருடம்கூட இங்கே இருக்கவில்லை. மத்திய கல்லூரி நிற்கிறது, சரி. காய்ச்சலில் கிடந்த அந்த மனுசனுக்குப் புளியந்தீவில் யாரோ ஒரு அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருப்பா இல்லையா? அவவின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எனக்கு இப்போது அவவைப் பற்றி அறியத்தான் ஆசையாக இருக்கிறது.

சரி, பெயர் போட வேண்டாம் என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள், ஆட்களுக்குத் தெரியும். ஞாயிறு தோறும் போன் எடுத்து, ஊழியத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்ட முகாமைக் குரு ஐயாவுக்கு நன்றி. வங்கியில் படிவம் படிவமாக நிரப்பி, ஒரு சதம் பிசகாமல் கணக்கு வைத்த பொருளாளர் தம்பிக்கு நன்றி. அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், பெற்றோல் இல்லாத நாட்களில் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போன ஓட்டோ அண்ணனுக்கு என்ன சொல்வது? காசு கொடுத்தபோது கோபித்துக்கொண்டாராம். காத்தான்குடிப் புடைவைக் கடைக் காக்காவுக்கும் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) நன்றி. பொம்மை தைக்க வெட்டுத்துண்டு விலைக்குக் கேட்டு அவர் கடையில் நின்றேன். "சின்னப் புள்ளைகளுக்கா? கொண்டு போங்க" என்று ஒரு பை நிறையக் கட்டித் தந்தார். அந்தப் பொம்மைகளில் ஒன்றுக்குப் பிள்ளைகள் அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். எழுதினால் என்னை அடிக்க வருவார்.

கணக்குப் புத்தகம் சபை அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். மிஞ்சிய காசை, அடுத்ததாகப் போக ஆயத்தப்படுகிற திருக்கோவில் தங்கச்சியின் கணக்குக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டாம் என்று கல்லாற்று மாமிக்கும் சொல்லியாயிற்று. வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மண்டபத்தில் படங்கள் காட்டுகிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பாட்டு ஒன்று கெமர் மொழியில் சொல்லித் தருகிறேன்.

உங்கள் அன்பில் கடன்பட்ட சகோதரி,
கல்லடி, மட்டக்களப்பு