'பெயில்' என்றால் தோல்வி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருக்கடலூரில் கடற்தொழில் செய்யும் ஒருவர் சென்ற மாதம் ஓர் அலுவலகக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். நான்காக மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் மூன்று வாரம் வைத்திருந்த கடிதம். மடிப்பில் குங்குமம் ஒட்டியிருந்தது. படகு உதவிக்கு அவர் போட்ட விண்ணப்பத்துக்கு ஆங்கிலத்தில் வந்திருந்த பதில் அது. தரம் பத்தில் படிக்கும் மகள் அதில் 'பெயில்' என்ற சொல்லைக் கண்டதும், "அப்பா, நீங்கள் பெயிலாம்" என்று சொல்லியிருக்கிறாள். மனிதர் அதோடு விட்டுவிட்டார். அந்த வரி சொன்னதோ இவ்வளவுதான்: அடையாள அட்டையின் பிரதியை நீங்கள் இணைக்கவில்லை, பதினான்கு நாட்களுக்குள் அனுப்புங்கள். என்னிடம் வந்தபோது தவணை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

1987 இல் தமிழும் அரச கரும மொழியாயிற்று. பிறகும் திருகோணமலையில் ஒரு தமிழருக்கு ஏன் ஆங்கிலத்தில் மட்டும் கடிதம் வருகிறது என்பதைத் தனியே எழுத வேண்டும்.

அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயர்தரப் பெறுபேற்றில் 'எஃப்' விழுந்தால் பெயில் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவள் அவள். ஆங்கிலம் படிப்பித்த நாங்களும் அந்தச் சொல்லைப் பரீட்சை மண்டபத்தைத் தாண்டி வெளியே கொண்டுவரவில்லை. 'பெயில்' என்பதற்குப் பின்னால் 'டு' வந்து, அதையடுத்து இன்னொரு வினையும் வந்தால், அலுவலகக் கடிதங்களில் அது யாருடைய தோல்வியையும் குறிப்பதில்லை. செய்ய வேண்டிய ஒன்று செய்யப்படவில்லை, அவ்வளவே. நமது 'தவறுதல்' அதற்கு அப்படியே பொருந்துகிறது. 'கட்டணம் செலுத்தத் தவறினால்' என்பது நமக்குப் பழகிய வாசகம்தானே. 'டோன்ட் பெயில் டு கம்' என்று ஒருவர் எழுதினால், கலியாண வீட்டுக்குத் தவறாமல் வாருங்கள் என்று அன்போடு அழைக்கிறார்.

மொழிபெயர்ப்பாளர்கள் சிலரும் இந்தச் சொல்லைக் கண்டவுடன் 'தோல்வி' என்று போட்டுவிடுகிறார்கள். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டுக்கு நேர்ந்ததைப் பொறியியல் ஆங்கிலம் அணையின் 'பெயிலியர்' என்று எழுதும். அதை 'அணைக்கட்டுத் தோல்வி' என்று ஒரு கட்டுரையில் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த வெள்ளத்தில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் அணை தோற்றது என்று சொல்லமாட்டார்கள். குளம் உடைப்பெடுத்தது என்பார்கள். இயந்திரம் பழுதுபடும், சிறுநீரகம் செயலிழக்கும், நம்பியவன் கைவிடுவான். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதற்கு நாம் இடத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மழை பொய்த்தல். 'விண்இன்று பொய்ப்பின்' என்று வான்சிறப்பில் ஒரு குறளை வள்ளுவர் தொடங்குகிறார். வருவேன் என்று நம்பவைத்து வராமல் போன வானம் பொய் சொல்லிவிட்டது. ஆங்கிலச் சொல்லின் மூலத்தைத் தேடினால், பழைய பிரெஞ்சு வழியாக 'ஃபல்லெரே' என்ற இலத்தீன் வினையில் போய் நிற்கிறது. அதன் பொருள் ஏமாற்றுதல்! ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே எண்ணத்தில் வந்து சந்திக்கின்றன. இதை வகுப்பில் ஐந்து நிமிடம் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் இப்படி வாரம் ஒரு சொல்லை எடுத்து விளக்க இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலப் பாட ஆசிரியர்கள் அலுவலகக் கடிதம் ஒன்றையாவது வகுப்புக்குக் கொண்டுபோய் வாசிக்கவைக்க வேண்டும்.

அடையாள அட்டைப் பிரதியோடு, தாமதத்துக்கான காரணத்தைத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். கடிதத்தை அந்த மகளே தன் கையால் எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திருகோணமலை.