சாம்பல் நிறப் பொத்தான்

வேலூர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதமும் நீ எடுத்த மூன்று புகைப்படங்களும் கிடைத்தன. பர்மிங்காமில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய இராணுவச் சீருடைப் பொத்தான்களை வாங்கி வைத்திருப்பதாகவும், அவற்றைப் பளபளவென்று தேய்த்துப் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, கண்ணு. ஆனால் தேய்க்கும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதே. தொடங்கியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீ பிறப்பதற்கு முன், பழைய பாத்திரக் கடையொன்றில் எடைக்கு வாங்கிய பித்தளைச் சாமான்களுக்கிடையே ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பொத்தான் எனக்குக் கிடைத்தது. கறுத்துக் கிடக்கிறதே என்று, நம் வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினேன். அரை மணி நேரத்தில் மஞ்சளாக மின்னியது. அது பித்தளையின் மஞ்சள் என்பதும், மேலிருந்த தங்கமுலாம் புளித்தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது என்பதும் பிறகுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கித்தான் முலாம் ஏற்றினார்கள். அந்த நச்சுப் புகையைச் சுவாசித்து உடல் கெட்டவர்கள் நீ இப்போது வாழும் ஊரின் தொழிலாளர்கள். ஒருவர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை நான் அரை மணி நேரத்தில் அழித்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

சிப்பாய்களே நாள்தோறும் பொத்தானைத் துலக்கினார்களே என்று நீ கேட்கலாம். உண்மைதான். மெருகுக் கலவை துணியில் பட்டுவிடாமல் இருக்க, நடுவில் நீளப் பிளவுள்ள ஒரு பித்தளைத் தகட்டைப் பொத்தான்களுக்கு அடியில் செருகிக்கொண்டு துலக்குவார்கள். அதனால் மேலே பொறித்த சிங்கத்தின் முகம் மழுங்கிப்போன பொத்தானைக் கண்டால் அதை மட்டமானது என்று ஒதுக்கிவிடாதே. அது ஒரு சிப்பாயின் கை தேய்த்த தேய்மானம். நாம் அதன்மேல் கை வைக்கக்கூடாது.

இனி, டப்பாவில் என்ன இருக்கிறது என்று நீயே அறிந்துகொள்ளும் வழியைச் சொல்கிறேன். முதலில் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்புறத்தைப் பார். தைப்பதற்கான வளையத்தைச் சுற்றிப் பொடி எழுத்தில் செய்தவர் பெயர் இருக்கலாம். ஃபிர்மின் என்ற பெயரும் ஸ்ட்ராண்ட் என்ற தெருப்பெயரும் இருந்தால் லண்டன். ஸ்மித் அண்ட் ரைட், கான்ட் என்றிருந்தால் உன் பர்மிங்காம். பிறகு முன்புறத்துக் கிரீடத்தைப் பார். அதன் வளைவுகள் நடுவில் தாழ்ந்திருந்தால் விக்டோரியா காலம். மேல்நோக்கிக் குவிந்திருந்தால் 1901க்கும் 1952க்கும் இடைப்பட்ட மன்னர்கள் காலம். இரண்டாம் எலிசபெத் அரசியின் கிரீடமும் நடுவில் தாழ்ந்ததுதான் என்பதால் புதியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். கையில் எடுத்துப் பார்த்து இறகுபோல் இலேசாக, துலக்காமலே மின்னினால், அது பிற்காலத்து அலுமினியம்.

எனக்கு மிகவும் வேண்டியவை எண் பொறித்த பொத்தான்கள். 1767இல் பிறந்த ஆணைப்படி பிரிட்டனின் ஒவ்வொரு காலாட்படை ரெஜிமெண்டும், அதாவது படைப்பிரிவும், தன் எண்ணைப் பொத்தானில் பொறிக்க வேண்டியதாயிற்று. அதிகாரிகளுக்குத் தங்கமுலாமோ வெள்ளியோ இருக்க, சாதாரணச் சிப்பாய்க்குப் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையில் வார்த்த சாம்பல் நிறப் பொத்தான்தான். 1855இல் சிப்பாய்க்கும் பித்தளை வந்தது. ஆனால் 1871இல் சிப்பாய்கள் எல்லோருக்கும் பொதுவாக அரச சின்னம் பொறித்த ஒரே பொத்தானைக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே, சிப்பாயின் பித்தளைப் பொத்தானில் எண்ணைக் கண்டால் அது பெரும்பாலும் அந்த 16 ஆண்டுகளைச் சேர்ந்தது. 1881இல் எண்களையே எடுத்துவிட்டு ரெஜிமெண்டுகளுக்கு வட்டாரப் பெயர்களைச் சூட்டினார்கள்.

நான் தேடுவது 69. நம் கோட்டைக்குள் 1806 ஜூலை 10 அன்று விடியும் முன் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, அங்கே பாசறையில் உறங்கிக்கொண்டிருந்தவை பிரிட்டனின் 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த நான்கு கம்பெனிகள், அதாவது அதன் உட்பிரிவுகள். தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி கூடாது என்ற ஆணைகள்தான் அந்தக் கிளர்ச்சியை மூட்டின. உடுப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வேலூரில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் இறந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து சேர்ந்த பிறகு நம்மவர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கிளர்ச்சியில் இறங்கிய மூன்று சென்னைப் பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. 69உம் 1881இல் வேறொரு ரெஜிமெண்டுடன் இணைந்து வெல்ஷ் ரெஜிமெண்ட் ஆகிவிட்டது. அகழிக்கரையில் மாலையில் நடக்கும்போதெல்லாம், இருபக்கமும் இறந்தவர்களை நினைக்கக் கையில் ஒரு பொருள் வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதே எண் கொண்ட ரெஜிமெண்ட் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவிலும் போரிட்டது. ஆகவே கிடைக்கும் பொத்தான் வேலூரைப் பார்த்தது என்று யாரும் உறுதி கூற முடியாது. அந்த எண் போதும் எனக்கு.

உன் மூன்றாவது படத்தில், டப்பாவின் இடது மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு தட்டைப் பொத்தான் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பலமுறை பார்த்தேன். ஓர் இலக்கம் 6 போலவும், தலைகீழாகக் கிடக்கும் 9 போலவும் தெரிகிறது. மற்றதை அழுக்கு மூடியிருக்கிறது. 69 என்ற எண்ணைத் தலைகீழாகத் திருப்பினாலும் 69 என்றே தெரியும் என்பதால் என் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

அதைக் கழுவாதே, நகத்தால் சுரண்டாதே, வினிகர் பக்கமே கொண்டுபோகாதே. பியூட்டரில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் தொட்டபின் கையை நன்றாகக் கழுவிக்கொள். பிளாஸ்டிக் பையில் போடாமல் தூய பருத்தித் துணியில் தனியாகச் சுற்றிவை. விற்றவரை மறுபடியும் பார்த்தால், இவை வீட்டுப் பழம்பொருட்களா, மண்ணிலிருந்து தோண்டியவையா என்று கேள். பிரிட்டன் மண்ணில் கிடைத்த தொன்மையான பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக உரிமம் வேண்டும். உரிமம் கிடைக்காவிட்டால் அது உன்னிடமே இருக்கட்டும். உனக்குச் சங்கடம் வரக்கூடாது.

இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, பொத்தானை மேசைமேல் வைத்து, கைவிளக்கை மேலிருந்து பிடிக்காமல் மேசை மட்டத்தில் பக்கவாட்டில் பிடி. மேடு பள்ளங்களின் நிழல் விழுந்து எண் எழுந்து நிற்கும். நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து அனுப்பு. இங்கே நடு இரவானாலும் பரவாயில்லை, நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் அப்பா