திறப்பு யாரிடம் இருக்கிறது?

அரச வங்கியின் தலைவருக்கும் பணிப்பாளர் சபையினருக்கும்,

வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் சித்தப்பாவின் அரிசி ஆலையை 2023இல் எடுத்தீர்கள். எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கடன் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை வங்கியே ஏலம் விடலாம் என்கிற பராட்டே சட்டம் இருக்க நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை, சபையின் தீர்மானம் ஒன்று போதும். வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட்டீர்கள். ஏலம் கேட்க ஒருவரும் வரவில்லை, வங்கியே வாங்கிக்கொண்டது. சரி. 2021இல் இரசாயன உரம் நின்று நெல் வரத்துக் குறைந்தது, அடுத்த வருடம் வட்டி ஏறியது, சித்தப்பாவால் கட்ட முடியவில்லை. 2024இல் பராட்டே ஏலங்களை அரசாங்கம் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தபோது எங்கள் கதை முடிந்திருந்தது. ஆலையைத் திருப்பிக் கேட்டு நான் எழுதவில்லை.

கேட்பது ஒன்றுதான்: எடுத்த ஆலையை யாருக்காவது குத்தகைக்காவது கொடுங்கள்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். மோட்டரைக் காணவில்லை. கூரைத் தகரத்தில் பாதி போய்விட்டது. நெல் காயவிடும் சீமெந்துத் தரையில் முழங்காலளவு புல். நெல் ஊறப்போடும் தொட்டி மட்டும் நிறைந்திருக்கிறது, மழைத்தண்ணீரும் நுளம்புக் குடம்பியுமாக. பக்கத்து வீட்டு அக்காவின் சின்ன மகனுக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வேலிக்கு மேலால் மண்ணெண்ணெய் ஊற்றப் பார்த்தாவாம், தொட்டிக்கு எட்டவில்லை. உள்ளே போகவும் பயம். 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்று உங்கள் பலகை நிற்கிறதே. (அங்கே களவு போகாத பொருள் அந்தப் பலகை ஒன்றுதான்.)

நான் இருப்பது வெள்ளவத்தையில். இங்கே முற்றத்துச் சிரட்டையில் தண்ணீர் நின்றால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடுகிறார், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி. வங்கியின் தொட்டியில் வளரும் நுளம்புக்குச் சட்டம் தெரியாது போலும். ஏழையின் கடனுக்கு நாள் கணக்கில் வட்டி பார்க்கிற உங்களுக்கு, சொந்த ஆதனம் உக்கிப்போகிற கணக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். தயவுசெய்து ஐப்பசி மழைக்கு முன் தொட்டியை இறைத்து மூடுங்கள். அப்புறம், அடுத்த காலபோக நெல் வருமுன் ஆலையைக் குத்தகைக்குக் கொடுங்கள். எடுத்து நடத்த ஊரில் ஆள் இருக்கிறது. பார்க்க வந்தவர்களுக்குக் கேற்றைத் திறந்துவிடத்தான் ஆளில்லை. திறப்பு கொழும்பில் என்கிறது கிளை. கிளையில் என்கிறது தலைமை அலுவலகம், மூன்று தரம் நேரில் போய்க் கேட்டுவிட்டேன். யாரிடம் இருக்கிறது என்று மட்டுமாவது தேடிச் சொல்வீர்களா?

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் கடனாளியின் பெறாமகள்