உன் மணலுக்கு நானும் வந்தேன்

மார்பில் வெள்ளைப் புள்ளியோடு பிறந்த என் கடைக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். உன்னைப் பார்த்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அந்த ஆட்டிடையர் நாய்க்குட்டியாய் இருந்த உன்னைக் கம்பளியில் பொதிந்து தூக்கிப்போன நாள் முழுவதும் வாசல் கதவின் அடியில் மூக்கை நுழைத்தபடி கிடந்தேன். “ஜெய்சல்மேருக்கும் அப்பால், பாலைவனத்துக்குப் போகிறது” என்று பாட்டி பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது. பாலைவனம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம் என்றுதான் எண்ணியிருந்தேன். அங்கே என் பிள்ளை எதைக் குடிக்கும், எந்த நிழலில் படுக்கும்? இந்த ஜோத்பூர் வீட்டில் என் தண்ணீர்க் கிண்ணம் நிரம்பும்போதெல்லாம் அதே நினைப்புத்தான்.

போன வாரம் வீட்டார் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பாலைவனத்துக்கே போனார்கள்.

விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். ஜெய்சல்மேர் 280 கிலோமீட்டர் என்றார் ஐயா. பின் இருக்கையில் பாட்டிக்கும் சின்னவளுக்கும் நடுவில் எனக்கு இடம். சின்னவள் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டாள். எனக்கு அது போதும். நகரம் தாண்டியதும் லாரிப் புகை குறைந்து, ஆட்டுப் புழுக்கை வாடையும் அடுப்பில் வேகும் கம்பு ரொட்டி மணமும் வரத் தொடங்கின. ரொட்டி வேகிற இடத்தில் ஆளும் இருக்கும், அடுப்பும் இருக்கும். காதை நிமிர்த்திக்கொண்டேன்.

வழி நெடுக வன்னி மரங்கள். இங்கே கேஜ்ரி என்பார்கள். அதைப் பார்த்ததும் பாட்டி ஒரு கதை தொடங்கினார். 1730-இல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் கேஜர்லி கிராமத்து வன்னி மரங்களை வெட்ட வந்தார்களாம். அம்ருதா தேவி என்ற பிஷ்னோய் சமூகத்துப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று உயிரைக் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து ஒருவர் பின் ஒருவராக மாண்டவர்களையும் சேர்த்து மொத்தம் 363 பேர். அந்தப் பிஷ்னோய்த் தாய்மார்கள், தாயை இழந்த மான்குட்டிக்குத் தம் குழந்தையோடு சேர்த்துத் தாய்ப்பால் கொடுப்பார்கள் என்றும் சொன்னார். படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆறு குட்டிகளுக்குப் பால் கொடுத்தவள் நான். இடம் கிடைக்காமல் கடைசியில் முனகிக்கொண்டு நின்றவன் நீ. பிறர் பெற்றதற்கு மடி கொடுக்கும் மனிதர்கள் உள்ள மண்ணா இது என்று நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியது.

பொக்ரானில் தேநீர். பிறகு காற்றாலைகள் உறுமும் மேடு, அதைத் தாண்டினால் ஜெய்சல்மேர். நம் இனத்தின் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடுவது நீலமும் மஞ்சளும்தான் அல்லவா? நீ பிறந்த ஊரில் நீல வீடுகள். 1156-இல் உண்டான இந்த ஊரிலோ கோட்டை முழுவதும் மஞ்சள் கல். என் பிள்ளை தன் கண்ணுக்குத் தெரிகிற ஊர்ப் பக்கம்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள். பொழுது சாயும்போது மணல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இருட்டியதும் பாதத்தைச் சில்லென்று கடித்தது. கோடையில் பகல் மணலை மிதிக்காதே, மகனே. நமக்கு வியர்ப்பதே பாதத்தில்தான்; அதுவும் கொஞ்சம்தான். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அந்தப் பக்கம் பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. கானமயில் என்ற பெரிய பறவை அங்கே வெறுந்தரையில் முட்டையிடும், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அந்த இனத்தில் இயற்கையில் வாழ்பவை 200-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றனவாம். நாய்கள் முட்டையைத் தின்றுவிடும் என்று சொல்லிச் சின்னவள் என் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. எவ்வளவு பசித்தாலும் அந்த முட்டைப் பக்கம் போகாதே. ஒற்றை முட்டையைக் காத்து உட்கார்ந்திருப்பவளும் ஒரு தாய்.

மறுநாள் காலை ஒரு மண்பாதையில் போனோம். நாலு வட்டக் குடிசைகள், டாங்கா என்ற மழைநீர்த் தொட்டி ஒன்று. அதைச் சுற்றிலும் தரையைச் சரிவாக மெழுகி, பெய்கிற மழையெல்லாம் நடுவில் உள்ள நிலத்தடித் தொட்டிக்கு ஓடுமாறு செய்திருந்தார்கள். மேலே மூடி. பக்கத்தில் கால்நடைகளுக்கு ஒரு கல்தொட்டி. நானும் குடித்தேன். மண் மணம் கலந்த இனிய தண்ணீர். நீ எதைக் குடிக்கிறாய் என்று இரண்டு வருடம் தவித்தவளுக்கு அந்த முதல் மிடறு எப்படி இருந்திருக்கும், பார்.

இறங்கி நடந்ததும் புல்லின் முள்விதைகள் பாதத்தில் ஏறிவிட்டன. நொண்டினேன். குடிசையிலிருந்து ஓர் இளைஞர் வந்து குந்தி உட்கார்ந்தார். அவர் தலைப்பாகை சிவப்பாம். எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. என் காலை மடியில் வைத்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். அந்தக் கையில் ஆட்டு ரோமம், மோர், புகை. அதற்கும் அடியில் நீ.

நான் குரைக்கவில்லை. கையை நக்கினேன், நக்கிக்கொண்டே இருந்தேன். “எங்கள் நாய் ஆட்டோடு போயிருக்கிறது. பொழுது சாய்ந்துதான் வரும்” என்று அவர் ஐயாவிடம் சொன்னார். எங்களுக்கோ அன்றே ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பாட்டி மட்டும் என் முகத்தையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கொஞ்ச நேரம் இருப்போம்” என்றார். இருந்தோம். நீ வரவில்லை.

கல்தொட்டிக்குக் கிழக்கே ஒரு வன்னி நிற்கிறதே, அதன் வேரடியில் என் வாசனையை விட்டு வந்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாதாம். சில நாட்களாவது இருக்கும். ஆடுகளை அடைத்துவிட்டு அங்கே போய் முகர்ந்து பார்.

அம்மா